பாடப்புத்தகம் எழுதிய வைத்தியர் மேரி இரத்தினம்

சுகாதாரப் பாடக் கொப்பியில் நுளம்பு பெருகும் சிரட்டையையும் பழைய டயரையும் கீறி நிறந்தீட்டாத பழைய மாணவி நம்மில் இருக்கமாட்டார். இந்நாட்டுப் பாடசாலைகளுக்கென அத்தகைய பாடத்தை முற்காலத்திலேயே எழுதித் தந்தவர்களுள் ஒருவர் டாக்டர் மேரி இரத்தினம்.

மேரி ஹெலன் ஏர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து எலோராவில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த அந்நாளில் ரொறன்ரோவில் படித்து வைத்தியரானார். 1896இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வந்தார். எஸ்.சி.கே. இரத்தினம் என்ற யாழ்ப்பாணத் தமிழரை அவர் மணக்கவிருந்ததை மிஷன் ஏற்கவில்லை. மிஷன் வேலை போயிற்று. அவர் ஊர் திரும்பவில்லை. திருமணம் அவ்வாண்டே கொழும்பில் நடந்தது.

பின்னர் கொழும்பு லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிலகாலம் பணியாற்றிவிட்டுத் தனியே வைத்தியம் பார்த்தார். ஆண் வைத்தியரிடம் நோயைச் சொல்லக் கூசிய பெண்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை நம் பாட்டிமாரைக் கண்டவர்கள் அறிவார்கள்.

பாடசாலைகளுக்கான சுகாதாரக் கைநூலும் மனையியல் கைநூலும் அவர் எழுதியவை. அவருடைய பணிகள் பலவற்றுள் இவற்றையே நான் முதலில் வைப்பேன். மருந்து ஒரு நோயாளியோடு நின்றுவிடும். பிள்ளை படித்த பாடமோ வீட்டுக் குசினிவரை போகும். ஆனால் பாடம் ஊரோடு பொருந்த வேண்டும். படுவான்கரையிலிருந்து தோணியேறி வெறுங்காலோடு வரும் பிள்ளைக்கு, குளிர்நாட்டுப் புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை. கொழுக்கிப்புழு பாதத்துத் தோலைத் துளைத்தே உடம்புக்குள் ஏறுகிறது, மலசலகூடம் இல்லாத வளவில்தான் அது பெருகுகிறது என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். முருங்கையிலையும் வாவி மீனும் உடம்புக்கு என்ன தருகின்றன என்பதும் அப்படியே. இன்று நம்மில் தாதியராயும் ஆசிரியைகளாயும் இருப்போர் பாடக்குறிப்பு எழுதும்போது முதலில் பார்ப்பதும் இதைத்தானே?

பாடசாலைக்கு வராத தாய்மாரையும் அவர் விடவில்லை. கனடாக் கிராமத்துப் பெண்கள் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். சுத்தம், போசாக்கு, பிள்ளை வளர்ப்பு, தையல், தோட்டம் என்பன கிராமத்துக்கே போயின. குடும்பக் கட்டுப்பாட்டையும் ஆதரித்தார். அக்காலத்தில் அதற்குத் துணிவு வேண்டும்.

1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் இருந்தார். 1931இல் 21 வயதான பெண்களும் வாக்களித்தனர். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி இவரே. சட்ட நுணுக்கமொன்றால் அந்த ஆசனத்தை இழக்க நேர்ந்தது. அதற்காகப் பொதுப்பணியை அவர் விட்டுவிடவில்லை.

மக்சேசே விருது முதன்முதல் வழங்கப்பட்ட 1958இல், வினோபா பாவேயோடு விருது பெற்றவர்களுள் மேரி அம்மையாரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 85. 1962இல் காலமானார்.