தாழை மரத்தடியில் தமியான் அடிகளார்

பெரும்பாலான புனிதர்களின் திருநாளை அவர்கள் இறந்த நாளிலேயே திருச்சபை கொண்டாடுகின்றது. அதுவே அவர்கள் விண்ணகத்திற் பிறந்த நாள் என்பது எமது விசுவாசம். புனித தமியான் அடிகளார் இறந்தது ஏப்ரல் 15ம் திகதி. அவருடைய திருநாளோ மே மாதம் 10ம் திகதி வருகின்றது. 1873ம் ஆண்டு அந்த நாளிற்றான் அவர் ஹவாய் நாட்டின் மொலொக்காய்த் தீவில், தொழுநோயாளரின் குடியிருப்பிற் காலடி வைத்தார்.

அதன்பின் பதினான்கு வருடங்கள் கழித்து, நோய் தன் உடலையும் உருக்குலைத்துக்கொண்டிருந்த வேளையில், இயேசு மரியாளின் திரு இருதயங்கள் தரும் உள நிறைவினால் உலகிலுள்ள வேதபோதகர்களுள் தானே மிகுந்த மகிழ்ச்சியுடையவன் என்று நினைப்பதாக அவர் எழுதினார். சாந்த குணமுள்ள ஒருவர் இப்படி எழுதியிருந்தால் நாம் வியப்படைய வேண்டியதில்லை. தமியான் அடிகளார் சாந்த குணமுள்ளவர் அல்லர். முன்கோபி, பிடிவாதக்காரர், எளிதில் மனம் சோர்பவர். அவருடன் பணிசெய்ய வந்த குருக்கள் இருவர் அவரோடு ஒத்துப்போக முடியாமல் அல்லற்பட்டனர். புனிதர் சரித்திரம் எழுதுவோர் இத்தகைய பக்கங்களை மெல்லப் புரட்டிவிடுவதுண்டு. அப்படிப் புரட்டிவிட்டால் அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பதும் எமக்குத் தெரியாமற் போய்விடும்.

பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ கிராமத்தில் 1840ம் ஆண்டு சனவரி 3ம் திகதி ஒரு கமக்காரக் குடும்பத்தில் அவர் பிறந்தார். யோசேப் தெ வூஸ்தர் என்பது இயற்பெயர். தானிய வியாபாரத்தை இவன் பார்த்துக்கொள்வான் என்பது தந்தையின் கணக்கு. மகனோ 1859ல், தமையன் பம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த திரு இருதயங்களின் சபையில், லூவேன் நகரிற் போய்ச் சேர்ந்தான். படிப்புப் போதாது, குருவாக முடியாது, சகோதரராக இருக்கலாம் என்றார்கள். ஓய்வு நேரங்களில் தமையனிடம் இலத்தீன் கற்று, அவர் அந்தத் தடையைத் தாண்டினார்.

1860 ஒக்ரோபர் 7ம் திகதி பாரிஸ் நகரில் அவர் வார்த்தைப்பாடு கொடுத்தார். அச் சபையின் வழக்கப்படி, வார்த்தைப்பாடு கொடுப்பவரைத் தரையிற் படுக்கவைத்துச் சவச்சீலையால் மூடுவார்கள். உலகத்துக்கு அவர் இறந்துவிட்டார் என்பது பொருள். சடங்கு முடிந்ததும் பலருக்கு அது மறந்துபோகும். அந்தச் சீலையைத் தமியான் மறக்கவில்லை.

1863ல் ஹவாய்க்குச் செல்லவிருந்த பம்பில் அடிகளார் காய்ச்சலிற் படுத்துவிட்டார். தம்பி, தன் மேலாளரிடம் ஒரு சொல்லும் கேளாமல், பாரிஸிலிருந்த சபைத் தலைவருக்கு நேரே கடிதம் எழுதி, தமையனுக்குப் பதிலாகத் தான் போக அனுமதி பெற்றுவிட்டார். பணிவுக்கு இது நல்ல உதாரணமல்ல என்று எந்த நவசந்நியாச அதிபரும் சொல்வார். ஏறக்குறைய ஐந்து மாதக் கடற்பயணத்தின் பின், 1864 மார்ச் 19ம் திகதி, புனித சூசையப்பர் திருநாளன்று, ஹொனலுலு சேர்ந்தார். இரண்டு மாதங்களில் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். பின்னர் ஹவாய்ப் பெருந்தீவில் ஒன்பது வருடங்கள் எரிமலைச் சரிவுகளில் நடந்து திரிந்து, தன் கையாலேயே சிற்றாலயங்கள் கட்டினார்.

அக்காலத்திற் தொழுநோய்க்கு மருந்தில்லை. 1865ல் ஐந்தாம் கமேஹமேஹா மன்னரின் ஆட்சியில், நோயாளரைப் பிரித்துவைக்கும் சட்டம் வந்தது. 1866 முதல் அவர்கள் மொலொக்காயின் வடகரைக்கு அனுப்பப்பட்டனர். மூன்று பக்கமும் கடல், நாலாம் பக்கம் ஏறமுடியாத உயர்ந்த மலைச்சுவர். பிள்ளையைத் தாயிடமிருந்தும் மனைவியைக் கணவனிடமிருந்தும் பிரித்துக் கப்பலில் ஏற்றினார்கள். போனவர்கள் தாமே பயிரிட்டுப் பிழைப்பார்கள் என்று அதிகாரிகள் எண்ணினார்கள். விரல்கள் அற்றவர்கள் எப்படி மண்வெட்டி பிடிப்பார்கள் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லைப் போலும்.

1873 மே மாதத் தொடக்கத்தில், மௌயித் தீவில் ஓர் ஆலய ஆசீர்வாதத்துக்காகக் குருக்கள் கூடியிருந்தபோது, ஆயர் மெக்ரே இந்த மக்களைப் பற்றி மனம்நொந்து பேசினார். ஆணையிட்டு ஒருவரை அங்கே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நான்கு குருக்கள் தாமாக முன்வந்தனர். ஆளுக்குச் சில மாதங்கள், மாறி மாறி, என்பதுதான் ஏற்பாடு. முதலிற் போனவர் தமியான். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. சவச்சீலையின் கீழ் ஏற்கெனவே படுத்து எழுந்தவன் என்பதால் முன்வருவது தன் கடமை எனத் தோன்றியதாக அவர் பின்னர் எழுதினார். முறைமாறும் ஏற்பாடு நடைபெறவேயில்லை. போனவர் திரும்பிவர விரும்பவில்லை.

தங்க வீடு இல்லை. புனித பிலோமினா சிற்றாலயத்தின் அருகே நின்ற ஒரு தாழை மரத்தின் கீழ் முதல் இரவுகளைக் கழித்தார். புண்களின் நாற்றம் அவருக்குப் பெரும் சோதனையாக இருந்தது. பூசை நேரத்திலேயே மூச்சுத் திணறி, வெளியே ஓடிவிட வேண்டும்போல் இருக்குமாம். உடையிற் படியும் நாற்றத்தைப் போக்கச் சுங்கான் புகைக்கப் பழகினார். சிறிது காலத்தில் அந்தச் சுங்கானையே நோயாளரோடு பகிர்ந்துகொண்டார். அவர்களுடைய சேப்பங்கிழங்குக் களியை ஒரே சட்டியில் விரலால் வழித்து உண்டார். இதை முன்யோசனையற்ற செயல் என்று வைத்தியர்கள் குறைகூறினார்கள். தொழுநோய்க் கிருமியை நோர்வே நாட்டில் ஹான்சன் கண்டுபிடித்ததும் அதே 1873ம் ஆண்டுதான். பெரும்பாலானோரை அந்நோய் எளிதிற் பற்றுவதில்லை என்பதும், மருந்தினால் அதை முற்றாகக் குணப்படுத்தலாம் என்பதும் இன்று எமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தெரியாமலே அந்தச் சட்டியிற் கைவைத்தார்.

பிறகு வேலை தொடங்கியது. அரசிடம் விடாது கேட்டுக் குழாய்கள் பெற்று, நோயாளரையும் சேர்த்துக்கொண்டு, குடியிருப்புக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். 1874ல் ஒரு புயல் குடிசைகளை அடித்துச் சென்றபின் மரவீடுகள் எழும்பின. அவரே தச்சன். சவப்பெட்டி செய்பவரும், குழி வெட்டுபவரும், புண் கழுவிக் கட்டுபவரும் அவரே. முன்பு இறந்தவர்களை ஒரு துணியிற் சுற்றிப் புதைத்துவிட்ட இடத்தில், சிலுவை நாட்டிய சேமக்காலையும், பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் செல்லும் இறுதி ஊர்வலமும் வந்தன. விரல் குறைந்தவர்கள் இருவர் சேர்ந்து ஓர் ஓர்கனை வாசித்தார்கள் என்பர். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். நித்திய ஆராதனையை ஏற்படுத்தினார். ஆலயத்துக்கு வரமுடியாதவர்கள் தங்கள் முறை வந்ததும் படுக்கையிலிருந்தே செபித்தார்கள்.

அவரை வாட்டியது நோயல்ல, தனிமை. ஆரம்பத்தில் சுகாதாரச் சபை அவரையும் வெளியேறக் கூடாதெனத் தடுத்தது. சபையின் மாகாணத் தலைவர் ஒருமுறை கப்பலில் வந்தபோது கப்பற் தலைவன் தமியானை மேலே ஏறவிடவில்லை. அவர் தோணியில் நின்றபடியே, மேலே நின்ற தலைவருக்கு உரத்த குரலிற் பாவசங்கீர்த்தனம் செய்தார். கப்பலில் இருந்தோர் கேட்டுக்கொண்டு நின்றனர். பின்னைய வருடங்களிலும் நீண்ட காலம் உடன் ஒரு குரு இல்லாமல், நற்கருணைப் பேழையின் முன் தனியே முழந்தாளிட்டுத் தன் பாவங்களை அறிக்கையிட்டார். அங்கே ஆண்டவர் தன்னோடு இருந்திராவிட்டால் அந்த இடத்தில் தன்னால் நிலைத்திருக்க முடியாது என்று அவர் எழுதியிருக்கின்றார்.

1884 டிசம்பரில் ஒரு நாள் கொதிநீரிற் காலை வைத்தார். தோல் வெந்து கழன்றது, நோவு இல்லை. அடுத்த ஆண்டு வைத்தியர்கள் நோயை உறுதிப்படுத்தினர். முதல் வருடத்திலேயே அவர் நோயாளரைத் தன்னோடு சேர்த்து நாம் என்றே சொல்லி வந்தவர். இப்போது அந்தச் சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. தாயார் 1886ல் காலமானார். மகனின் நோய்ச் செய்தி அதற்கு முன்பே வீட்டை எட்டியிருந்தது. தீவை விட்டுப் போவதுதான் குணமடைவதற்கு விலையென்றால் அந்தக் குணம் தனக்கு வேண்டாம் என்றார். ஆயினும் நோயை அவர் விரும்பி அணைத்தார் என்று சொல்வதும் சரியல்ல. சிகிச்சைக்காக 1886 யூலையில் ஹொனலுலு சென்றார். யப்பானிய முறையிலான மருந்துக் குளிப்பையும் முயன்றார்.

இன்னொரு சிலுவையும் வந்தது. இலண்டனில் அங்கிலிக்கன் குருவாகிய சப்மன் திரட்டிய பணம், ஏறக்குறைய ஆயிரம் பவுண், அவருக்கு வந்தபோது, புகழ் தேடுகிறார் என்று சொந்த மேலாளர்களே ஐயுற்றார்கள். இது அவரை நோயிலும் அதிகமாகப் புண்படுத்தியது. தான் மோட்சத்துக்குத் தகுதியற்றவன் என்ற இருளும் அவ்வப்போது மனதைக் கவ்வியது. இதற்கிடையில் எழுதியதுதான் நாம் முதலிற் சொன்ன கடிதம். துன்பம் இல்லாததால் வந்த நிறைவல்ல அது. தன்னைப் பற்றி எண்ணியபோதெல்லாம் அவர் கலங்கினார். சுத்தியலை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறியபோதும், இறப்பவன் ஒருவனின் பக்கத்தில் அமர்ந்தபோதும் கலக்கம் விலகியது. 1888 டிசம்பரில் ஓர் ஆங்கில ஓவியர் அவரைக் காணச் சென்றபோதும் அவர் ஆலய வேலையில் ஈடுபட்டிருந்தார்.

இறுதியில் உதவியும் வந்தது. 1886ல் அமெரிக்கப் போர்வீரராயிருந்த யோசேப் டட்டன் வந்து, 1931ல் இறக்கும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார். 1888ல் கொன்றார்டி அடிகளாரும், பின்னர் மரியான் கோப் அன்னையும் அவருடைய சகோதரிகளும் வந்தனர். தன் அநாதைகளை ஒப்படைக்கக் கைகள் கிடைத்ததும், தான் இனித் தேவையில்லை என்று தமியான் நிம்மதியடைந்தார். 1889 ஏப்ரல் 15ம் திகதி, பெரிய வாரத்தின் திங்கட்கிழமை, தமது நாற்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். முதல் இரவு படுத்த அதே தாழை மரத்தடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இறந்த பின்னும் அவர்மேல் அவதூறு எழுந்தது. ஹொனலுலுவிலிருந்த ஹைட் என்ற போதகர் எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வந்தது. அதற்கு 1890ல் பதில் எழுதியவர் கத்தோலிக்கரல்லாத எழுத்தாளர் ஸ்டீவன்சன். தமியான் இறந்து ஒரு மாதத்தில் அத் தீவுக்குச் சென்று, அவரை அறிந்தவர்களுடன் பேசியவர் அவர். தமியானின் குறைகளை மறைக்காமலே அவருக்காக வாதாடினார்.

1936ல் அவருடைய உடலைப் பெல்ஜியம் கேட்டு எடுத்துச் சென்று லூவேன் நகரில் வைத்தது. மொலொக்காய் மக்களுக்கு அது பெரும் இழப்பு. 1995ல் புரூசெல்ஸ் நகரில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2009 ஒக்ரோபர் 11ம் திகதி பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். முத்திப்பேறு கொடுக்கப்பட்ட அந்த 1995ம் ஆண்டிலேயே, உடலின் ஒரு பகுதியை மட்டும் மொலொக்காய்க்குத் திருப்பி அனுப்பி, பிலோமினா ஆலயத்தருகே பழைய கல்லறையில் வைத்தார்கள். அது அவருடைய வலது கை.