கதவைத் திறக்கும் அதிகாரம்

வீட்டுக்காரர் அனுமதியின்றி ஒரு வீட்டுக்குள் யார் நுழையலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஆங்கிலேயச் சட்ட உலகம் நினைவுகூரும் பெயர் எட்வர்ட் கோக். 1552-ஆம் ஆண்டு நார்ஃபோக் பகுதியில் பிறந்த அவர், வழக்குரைஞராகத் தொடங்கி, நாடாளுமன்ற அவைத்தலைவர், அரசுத் தலைமை வழக்குரைஞர், தலைமை நீதிபதி எனப் படிப்படியாக உயர்ந்தார்.

அவர் பதிவு செய்த வழக்குகளுள் 1604-ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கு புகழ்பெற்றது. லண்டனில் ஒரு வீட்டில் இருவர் குடியிருந்தனர். ஒருவர் கடனைத் திருப்பித் தராமல் இறந்துபோனார். அவரது பொருள்களைக் கைப்பற்ற ஆணையுடன் அதிகாரி வந்தபோது, மற்றவர் கதவைச் சாத்திவிட்டார். தனியார் கடனுக்காக வீட்டுக் கதவை உடைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றது நீதிமன்றம். அரசு தொடுக்கும் வழக்கு இதற்கு விதிவிலக்கு. அப்போதும் வந்த காரணத்தைச் சொல்லி, கதவைத் திறக்குமாறு முதலில் கேட்க வேண்டும்.

கோக் குறையற்றவர் அல்லர். அரசு வழக்குரைஞராக வால்டர் ராலேயின் விசாரணையில் கடுமை காட்டினார். மன்னர் முதலாம் ஜேம்ஸ் தாமே வழக்குகளைத் தீர்க்க முடியாது என வாதிட்ட துணிச்சல்காரர், 1616-இல் பதவியை இழந்தார். மறு ஆண்டே, அரசவையின் ஆதரவை மீட்கும் முயற்சியில், செல்வாக்குள்ள பக்கிங்ஹாமின் சகோதரருக்கு மகளை மணமுடிக்க முனைந்தார். தாய் ஒளித்துவைத்த அந்தப் பெண்ணைக் கொண்டுவர, ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் சென்று கதவை உடைத்தார். பிறர் வீட்டு வாசலுக்குக் காவலாக இருந்த விதி, தம் காரியம் என்றதும் அவருக்கு மறந்துபோயிற்று.

1628-இல் குடிமக்கள் உரிமைக்கான மனுவை உருவாக்கியதில் முன்நின்றார். 1634-இல் ஸ்டோக் போஜஸ் இல்லத்தில் மரணப் படுக்கையில் கிடந்தபோது, மன்னரின் ஆட்கள் அவரது கையெழுத்துப் படிகளை அள்ளிச் சென்றனர்.

இந்த வரலாற்றுக்கு இன்று என்ன பொருத்தம்? பிரிட்டனில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம், நீதித்துறை நடுவரின் ஆணை பெற்று வீடுகளுக்குள் நுழையும் அதிகாரத்தை எரிவாயு, மின் வாரியங்களுக்கு அளித்தது. அவை அப்போது அரசுடைமை. 1986-இல் எரிவாயுவும் 1990-இல் மின் விநியோகமும் தனியாருக்கு விற்கப்பட்டபோது, அந்த அதிகாரமும் கைமாறியது. அரசுக்கென அளித்த சலுகை, கடன் கொடுத்த தனியாரின் கருவியாயிற்று.

உண்மையாகவே தகராறில் உள்ள தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தகராறு உண்டு என்பதை நடுவரிடம் எடுத்துச் சொல்ல வீட்டுக்காரர் அங்கே இருப்பது அரிது. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் சில நிமிடங்களில் மொத்தமாக ஒப்புதல் பெற்றதும் உண்டு. முன்பணம் செலுத்தும் மீட்டரை வலிந்து பொருத்துவதும் இவ்வழியே நடந்தது. கையில் காசில்லாதவர் தாமே விளக்கை அணைத்துக்கொள்கிறார். துண்டிப்புக் கணக்கில் அது ஏறுவதில்லை. நோயுற்றோர் வீடுகளிலும் இது நடப்பது வெளிவந்ததும், 2023 பிப்ரவரியில் நீதித்துறையே இத்தகைய ஆணைகளை நிறுத்திவைத்தது. பின்னர் விதிகள் இறுக்கப்பட்டு, ஆணைகள் மீண்டும் தொடங்கின.

பாக்கியை வசூலிக்கும் உரிமை நிறுவனங்களுக்கு உண்டு. வசூலாகாத தொகை பிற நுகர்வோர் தலையில் விழும் என்பதும் உண்மை. ஆனால் வசூலிக்க நீதிமன்றங்களும் தவணைகளும் இருக்கின்றன. நுழைவு ஆணை அவசியம் என்றால், ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே விசாரித்தே அதை வழங்க வேண்டும். கதவை உடைத்தவராகவும், தம் இல்லத்தில் பிறர் புகுந்து அள்ளிச் செல்ல நேர்ந்தவராகவும் இருந்த கோக்கின் வாழ்க்கை சொல்வது இதுதான்: அதிகாரம் உள்ளவர் எவரும் தம் கையைத் தாமே கட்டிக்கொள்வதில்லை.