சொல்லால் துயில்வித்தவர்

கோவாவில் காந்தோலிம் என்னும் சிற்றூரில் 1756ஆம் ஆண்டு பிறந்தவர் பாரியா பாதிரியார். இளமையிலேயே தந்தையுடன் கப்பலேறி லிஸ்பன் நகர் சென்றார். ரோமாபுரியில் இறையியல் கற்றுக் குருவானார்.

ஒருமுறை போர்ச்சுகல் அரசியின் முன்னிலையில் மறையுரை ஆற்ற எழுந்தார். அவையோரைக் கண்டதும் அவருக்கு நா எழவில்லை. அருகிலிருந்த தந்தை, அங்கிருப்போர் அனைவரும் வெறும் காய்கறிகளே எனவும், தயங்காது அரியுமாறும் கொங்கணியில் மெல்லக் கூறினாராம். உடனே அச்சம் அகன்று பேச்சுப் பெருகியது என்பர். பெங்களூரில் உங்கள் பக்கத்து வீட்டிலும் அம்மொழி ஒலிக்கக்கூடும்!

பின்னர்ப் பாரிசில் குடியேறி, 1813இல் பொதுமக்கள் முன் துயிலூட்டிக் காட்டலானார். உடலில் காந்தப் பாய்மம் பாய்வதாலேயே இம்மயக்கம் நேர்கிறது என்பது மெஸ்மர் என்னும் மருத்துவர் வழிவந்தோரின் நம்பிக்கை. பாரியா அதனை மறுத்தார். வந்தவரை நாற்காலியில் அமர்த்தி, கண்மூடித் துயிலை எண்ணச் செய்வார்; பிறகு உறங்குமாறு உறுதியான குரலில் ஆணையிடுவார். பயனில்லையெனில் மீண்டும் கூறுவார். துயில் கேட்பவரின் மனத்திலிருந்தே எழுகிறது, எனவே அனைவரும் அதற்கு வயப்படார் என்றும் விளக்கினார். இன்றைய அறிதுயில் மருத்துவர்கள் இதமான சொற்களைத் திரும்பத் திரும்பக் கூறுவதும் இவ்வழியே.

ஒரு நடிகர் உறங்குவதுபோல் நடித்து அவரை ஏமாற்றினார். ஊர் நகைத்தது, நாடகமேடையும் எள்ளியது. கூட்டம் குறைந்தது. ஆயினும் அவர் தம் கருத்துகளை நூலாக எழுதினார். அது வெளிவந்த 1819ஆம் ஆண்டிலேயே வறுமையில் மறைந்தார்.

பனாஜியில், பழைய தலைமைச் செயலகத்தின் அருகே, சாய்ந்திருக்கும் பெண்ணின்மேல் கைகளை நீட்டி நிற்கிறது அவர் சிலை.