ஒற்றைக் கையால் கொள்ளைநோயை எதிர்த்தவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

மனிதனுக்கு நோய் கண்டால் சொல்வதற்கு வாய் இருக்கிறது. மாட்டுக்கு நோய் கண்டால் அது தீவனத்தை விட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். ஜென்னரையும் பாஸ்டரையும் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால், வாயில்லா ஜீவன்களின் நோயைத் தீர்ப்பதற்கே வாழ்நாளைச் செலவிட்ட மேதைகளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அத்தகைய ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர்தான் கால்நடை மருத்துவ உலகம் நன்கறிந்த சர் ஆர்னால்டு தைலர்.

தைலர் 1867-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டில் ஃபிரிக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பெர்னிலும் சூரிக்கிலும் கால்நடை மருத்துவம் பயின்று தேறிய தைலர், 1891-இல் பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பிரிட்டோரியா நகருக்கு அருகில் ஒரு பண்ணையில் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த சிறிது காலத்திலேயே, தீவனம் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி அவருடைய இடக்கை போயிற்று.

மாட்டைப் பிடிக்க வேண்டும், ஊசி போட வேண்டும், இறந்த உடலை அறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கையை இழந்தவருக்கு இனி இந்தத் தொழில் எதற்கு என்றே எவரும் நினைப்பர். தைலர் ஊருக்குத் திரும்பவில்லை. பிரிட்டோரியாவில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். 1893-இல் ஜோகன்னஸ்பர்க் சுரங்கப் பகுதியில் பெரியம்மை பரவியபோது, அம்மைப்பால் தயாரித்துக் கொடுத்து நற்பெயர் பெற்றார். ஆயினும் அவருடைய பெருஞ்சோதனை அதற்குப் பின்னரே வந்தது.

அதுதான் மாட்டு வெக்கை. ஐரோப்பியர் இதனை ரிண்டர்பெஸ்ட் என்பர். மனிதருக்கு வரும் தட்டம்மை வைரசுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரசே இதற்குக் காரணம். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஓயாத நீர், வாய்க்குள் புண், பிறகு நிற்காத கழிச்சல் என வரிசையாக வந்து, சில நாட்களில் மாடு செத்து விழும். பிழைத்த மாட்டுக்கு மட்டும் ஆயுள் முழுவதும் அந்நோய் மீண்டும் வராது.

1880-களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்கில் இந்நோய் புகுந்தது. எத்தியோப்பியாவில் உழவு மாடுகள் மாண்டன. கொடும் பஞ்சம் வந்தது. தெற்கு நோக்கிப் பரவிய நோய் 1896-இல் ஜாம்பசி ஆற்றைத் தாண்டிவிட்டது. காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி, எலாண்டு என்னும் பெரிய மான் முதலிய குளம்புள்ள காட்டு விலங்குகளும் கூட்டங் கூட்டமாக மடிந்தன. அரசுகள் முள்வேலி போட்டன. நோய் கண்ட மந்தைகளைச் சுட்டுக் கொன்றன. நோய் நிற்கவில்லை. ஜாம்பசிக்குத் தெற்கே மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் மாடுகள் இறந்தன என்பர்.

25 லட்சம் என்பது எனக்கு வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். பால் விற்ற காசில்தான் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டு மாடுகளும் ஒரே வாரத்தில் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. மாட்டையே செல்வமாகவும் சீராகவும் உணவாகவும் கொண்ட ஆப்பிரிக்க மக்களின் நிலை எப்படி இருந்திருக்கும்! மந்தையை இழந்த பலர் கூலிக்குச் சுரங்கம் நோக்கி நடந்தனர்.

1896-இல் அரசாங்கக் கால்நடை மருத்துவராக நியமிக்கப்பட்ட தைலர், நேட்டால் பகுதியின் மருத்துவர் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு என்பவருடன் சேர்ந்து ஆய்வில் இறங்கினார். நோய்க்கிருமி எதுவென்று அப்போது எவருக்கும் தெரியாது. அது நுண்வடிகட்டியிலும் தங்காத அளவு சிறியது என்பதே 1902-இல்தான் தெளிவாயிற்று. காரணம் தெரியாத நோய்க்குத் தடுப்பு தேடினார்கள் அவர்கள்! பிழைத்த மாட்டின் இரத்தத்தில் ஏதோ ஒரு காப்பு இருக்க வேண்டும் என்பதே அவர்களுக்குக் கிடைத்த பிடி. அந்த இரத்தத்தின் தெளிநீரைப் பிரித்து நலமான மாட்டுக்குச் செலுத்திச் சோதித்தார்கள்.

அதே சமயத்தில் புகழ்பெற்ற ராபர்ட் கோக் கிம்பர்லி நகருக்கு அழைக்கப்பட்டார். நோயால் இறந்த மாட்டின் பித்தநீரை ஊசியாகப் போடும் முறையை 1897-இல் அவர் அறிவித்தார். உலகின் பார்வை கோக் பக்கம் திரும்பியது. தைலரோ தம் வழியைக் கைவிடவில்லை. பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலிருந்து வந்த போர்தே, டானிஸ் ஆகியோருடன் 1897-இல் பிரிட்டோரியாவில் தொடர்ந்து உழைத்தார். தெளிநீரையும் நோயுற்ற மாட்டின் இரத்தத்தையும் ஒருங்கே செலுத்தும் முறை உருவாயிற்று. நாளடைவில் பித்தநீர் முறை வழக்கொழிந்தது. தெளிநீர் முறையே பல நாடுகளில் நிலைத்தது. இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரம் ஆய்வுக்கூடத்திலும் இந்தியக் கால்நடைகளுக்காக வெக்கைத் தெளிநீர் தயாரிக்கப்பட்டது.

தைலர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1908-இல் ஒண்டர்ஸ்டேபூர்ட் என்னுமிடத்தில் பெரும் ஆய்வு நிலையத்தை நிறுவினார். உண்ணி பரப்பும் ஒரு நுண்ணுயிரினத்துக்கு 'தைலீரியா' என அவர் பெயரே சூட்டப்பட்டது. மாடுகள் கால் விளங்காமல் படுத்து இறக்கும் ஒரு நோயை ஆராய்ந்தவர், அதன் வேர் மண்ணில் இருப்பதைக் கண்டார். மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. அந்தக் குறையால் மாடுகள் காட்டில் கிடக்கும் எலும்பைக் கடித்தன. அழுகிய எலும்பில் இருந்த நஞ்சு அவற்றைக் கொன்றது. தீவனத்துடன் எலும்புத்தூள் கொடுப்பதே தடுப்பாயிற்று. எவ்வளவு எளிய தீர்வு!

1914-இல் சர் பட்டம் பெற்ற தைலர், 1920-இல் தென்னாப்பிரிக்காவின் முதல் கால்நடை மருத்துவக் கல்வித் துறைக்குத் தலைவரானார். 1936-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் லண்டனில் காலமானார். அவர் மகன் மாக்ஸ் தைலர், மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டு 1951-இல் நோபல் பரிசு பெற்றார்.

மாட்டு வெக்கையின் முடிவைக் காணத் தைலர் இருக்கவில்லை. முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் 1920-களில் ஆட்டின் உடலில் வளர்த்துக் கண்ட தடுப்பூசி, 1960 வாக்கில் கென்யாவில் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி, ஊர் ஊராக ஊசி போட்ட பணியாளர்கள் எனப் பல கைகள் சேர்ந்தன. 2011-இல் இந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

இதன் உறவான ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் இருக்கிறது. அதனை 2030-க்குள் ஒழிக்க உலக நாடுகள் முனைந்துள்ளன. விலங்கியல் பயிலும் நண்பர்களே, அந்தப் பணிக்கு ஆட்கள் வேண்டும். கிராமத்துத் தொழுவங்களில் வளர்ந்த நமக்கு ஆட்டையும் மாட்டையும் தெரியும். அறிவியலையும் கற்று வருகிறோம். நமக்கு இரண்டு கைகளும் இருக்கின்றன.