உழவரை உரிமையாளராக்கியவர்

நுழையும்முன்

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சூழ்ந்த சிற்றூர்களில் கறந்த பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுவோரும் உண்டு. தனியார் கொள்முதல் நிலையத்தில் ஊற்றுவோரும் உண்டு. இவற்றுள் சிறந்தது எது? இவ்வினாவிற்குத் தம் வாழ்வால் விடை தேடியவர் திரிபுவன்தாஸ் படேல்.

விலையும் உரிமையும்

திரிபுவன்தாஸ், 1903ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் குஜராத்திலுள்ள ஆனந்தில் பிறந்தார். காந்தியடிகளைப் பின்பற்றி விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார்.

அக்காலத்தில் ஆனந்த் அமைந்திருந்த கேடா மாவட்டத்தில் போல்சன் என்னும் தனியார் நிறுவனம் பாலைக் கொள்முதல் செய்தது. 1945இல் பம்பாய் நகருக்குப் பால் வழங்கும் உரிமையை அரசு அந்நிறுவனத்திற்கே அளித்தது. பாலைக் கெடாமல் தொலைதூரம் அனுப்பும் திறன் அதற்கு இருந்தது. ஆயினும், இடைத்தரகர் குறித்த விலையே உழவர்க்குக் கிடைத்தது. வாணிகம் வளர்ந்தது, உழவரின் பங்கு வளரவில்லை.

சங்கத்தின் தோற்றம்

உழவர்கள் சர்தார் வல்லபாய் படேலை நாடினர். சொந்தமாகக் கூட்டுறவு அமைக்குமாறு அவர் வழிகாட்டினார். 1946 ஜனவரி 4ஆம் நாள் சமர்க்கா என்னும் ஊரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் உழவர்கள் கூடி முடிவெடுத்தனர். அரசு இசையாததால் 15 நாள்கள் பால் விற்க மறுத்தனர். பம்பாய்க்குப் பால் வரத்து நின்றது, அரசு பணிந்தது. ஊர் ஊராக நடந்து உழவரைத் திரட்டிய திரிபுவன்தாஸ், 1946 டிசம்பர் 14ஆம் நாள் பதிவுபெற்ற கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் தலைவரானார். தொடக்கத்தில் இரு சங்கங்களே இருந்தன. நாளொன்றுக்கு 250 லிட்டர் பாலே சேர்ந்தது.

திறனின் அளவுகோல்

குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் சுரக்கும். தனியார் நிறுவனம் தன் தேவைக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. கூட்டுறவோ உறுப்பினரின் பாலைத் திருப்பியனுப்ப இயலாது. இந்த நெருக்கடியே புதுமைக்கு வழிவகுத்தது. எருமைப்பாலில் பால்மாவு ஆக்க இயலாது என வெளிநாட்டு வல்லுநர் கருதிய காலத்தில், ஆனந்தில் அதற்கான ஆலை 1955இல் திறக்கப்பட்டது.

1949இல் ஆனந்திற்கு வந்த பொறியாளர் வர்கீஸ் குரியனை அங்கேயே தங்கச் செய்தவர் திரிபுவன்தாஸ். உரிமை உழவரிடமும் நிருவாகம் வல்லுநரிடமும் இருக்க வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. குரியனின் பணியில் அவர் குறுக்கிடவில்லை. பிறரின் குறுக்கீட்டையும் தடுத்து நின்றார். 1963இல் மகசேசே விருதைப் பகிர்ந்து பெற்றோருள் இவ்விருவரும் இருந்தனர்.

தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபோது உறுப்பினர்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு, தாய்சேய் நலம் பேணும் அறக்கட்டளையை நிறுவினார். 1994 ஜூன் 3ஆம் நாள் மறைந்தார்.

நம் மண்ணில்

சிற்றூர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்னும் ஆனந்தின் மூன்றடுக்கு அமைப்பே தமிழ்நாட்டில் ஆவினாக இயங்குகிறது. பணம் தாமதமானாலும், உறுப்பினர் கணக்குக் கேளாதிருந்தாலும் கூட்டுறவு தளரும். உழவர் தனியாரை நாடுவர். விரைவில் தனியாரை வெல்லாத கூட்டுறவும் பயனைப் பங்கிடுவதில் வெல்ல முடியும். அவ்வெற்றி உறுப்பினரின் விழிப்பைப் பொறுத்தது.