நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள்

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா என்றால் இரவில் நாடகம் உண்டு. அதுவும் 'வள்ளி திருமணம்' என்றால் விடியவிடியக் கூட்டம் கலையாது. வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் கட்டத்தில், மடியில் தூங்கும் குழந்தையும் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த நாடகத்தை எழுதித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-ம் ஆண்டில் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையிடமும், பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். மனம் அதில் ஒட்டவில்லை. 24-வது வயதில் நாடகத்துக்கே வந்துவிட்டார்.

எமன், சனீசுவரன், இரணியன் போன்ற வேடங்களில் பெயர் எடுத்தார். அவர் எமனாக வந்த ஆவேசத்தைக் கண்டு ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதாகச் சொல்வார்கள். பின்னர் வேடம் கட்டுவதை விட்டார். நாடகம் எழுதுவதும், பிறருக்குக் கற்றுக்கொடுப்பதுமே அவர் வேலையாயிற்று.

1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள், வாத்தியார் சுவாமிகள். டி.கே.எஸ். சகோதரர்கள் இங்கேதான் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பிள்ளைக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள்.

அவருடைய நாடகங்களில் மனப்பாடம் மட்டும் போதாது. ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகை இல்லாமலே மேடையில் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால், நாரதர் என்ன கேள்வி போடுவார் என்று வள்ளிக்குத் தெரியாது! புராணத்திலிருந்து ஆதாரம் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஊரே சிரிக்கும். ஆகவே நடிகர்கள் தேடித் தேடிப் படித்தார்கள். எழுத்தறியாத சனங்களும் இரு தரப்பையும் கேட்டு, எவர் பேச்சில் நியாயம் இருக்கிறது என்று எடை போட்டார்கள்.

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. அத்தனை பேருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவரின் பேச்சு நின்றுபோயிற்று. 1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். மாணவர்கள் அவர் தந்த பாடத்தை மேடைதோறும் கொண்டு சென்றார்கள்.

இன்று செய்தி கைபேசியில் நொடிக்கு நொடி வருகிறது. மெய் எது, பொய் எது என்று பார்க்காமலே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேடம் கொடுங்கள். ஒருவர் செய்தி சொல்லட்டும். மற்றவர் ஆதாரம் கேட்கட்டும். வள்ளி கேட்காத கேள்வியா!