வெள்ளத்திற்கு வழி வகுத்தவர்: சர் ஆர்தர் காட்டன்

கண்மாயும் கலுங்கும் சிவகங்கைச் சீமையினராகிய நமக்குப் புதியன அல்ல. கரை வலிமையாக இருந்தால் மட்டும் போதாது; மிகுநீர் வெளியேற வழியும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அந்த உண்மையைப் பேராறுகளில் செயற்படுத்திக் காட்டிய பெருமகனார் சர் ஆர்தர் காட்டன்.

1803-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1821-இல் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். நமக்கு அண்மையிலுள்ள பாம்பன் கால்வாயை அளந்தறிந்தது அவர்தம் தொடக்கப் பணிகளுள் ஒன்றாகும். பின்னர்க் காவிரி அவரை ஈர்த்தது. அக்காலத்தில் காவிரி மணலால் மேடிட்டதால், நீர் தாழ்ந்திருந்த கொள்ளிடத்தில் பாய்ந்து கடலை அடைந்தது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின.

காட்டன் கல்லணையைக் கூர்ந்து ஆராய்ந்தார். மணலில் இட்ட பாறைகள் தம் எடையாலேயே அமிழ்ந்து நிலைபெறும் பழந்தமிழர் நுட்பத்தை அறிந்து வியந்தார். 1836-இல் அவர் திட்டப்படி முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. ஆயினும் காவிரியில் அளவுக்கு மிஞ்சி நீர் வரத் தொடங்கவே, 1843-இல் மேலணையின் ஒரு பகுதி உயரம் குறைக்கப்பட்டது. ஆற்றைக் கட்டுவதோடு பணி முடிவதில்லை. அதன் போக்கைத் தொடர்ந்து கவனித்துத் திருத்தவும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

கோதாவரிக் கழிமுகமோ பஞ்சத்தாலும் வெள்ளத்தாலும் மாறிமாறித் துன்புற்றது. 1839-இல் பெரும்புயலும் கடற்பெருக்கும் கோரிங்காத் துறைமுகத்தை அழித்தன. அங்கே காட்டன் 1847-இல் தவளேசுவரம் அணையைத் தொடங்கினார். 1852-இல் அது நிறைவுற்றது. அணையோடு கால்வாய்களும் வெள்ளக்கரைகளும் அமைந்தன. பஞ்சம் கண்ட நிலம் நெற்களஞ்சியமாயிற்று. 1861-இல் சர் பட்டம் பெற்ற அவர், 1899-இல் மறைந்தார். கோதாவரி மக்கள் இன்றும் அவருக்குச் சிலையெடுத்துப் போற்றுகின்றனர்.

எனினும் சிலை வெள்ளத்தைத் தடுக்காது. 1986-இல் கோதாவரி கரைகளை உடைத்துக்கொண்டு பெருகியது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் இடிந்து வீழ்ந்தன. கட்டியவரின் புகழ் நிலைப்பது, பின்வந்தோர் பேணும் அளவில்தான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒருமுறை நடந்து பாருங்கள். கலுங்கு தூர்ந்துள்ளதா, வரத்துக்கால் அடைபட்டுள்ளதா என நோக்குங்கள். மழை வருமுன் அதைக் காண்பதே காட்டனுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.